தாய் வராத தொண்ணூறு நாட்கள்

போன மாதம் நீங்கள் வந்தபோது தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனீர்கள், டொக்டர் ரபீக்கா. சீனி கூடிப்போயிருக்க வேண்டும். என் வீட்டுக் குசினியில் அளவு என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. திருகோணமலைக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. இந்த ஊரில் எதையும் அளந்து செய்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று சொன்னால் பெருமையடிக்கிறேன் என்று நினைப்பீர்கள். நினையுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். "சேர் மறந்திருக்கலாம்" என்று எழுதி, நான் தப்பிப்போக ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். நன்றி, தேவையில்லை. நான் ஒன்றையும் மறக்கவில்லை.

என் பழைய குறிப்புக் கொப்பிகளை உங்களிடம் தந்ததும் நான்தான். பன்னிரண்டு வருடமாக ஒருவரும் சீண்டாத என் கட்டுரையை, கிண்ணியாவில் பிறந்த ஒரு பெண், இன்றைக்கு டொக்டர், தேடிக்கொண்டு வந்து, "என் ஆய்வில் இதைக் காட்டப்போகிறேன்" என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் குளிராது? நீங்கள் கொப்பியின் திகதிகளைக் கட்டுரையோடு வைத்துப் பார்ப்பீர்கள் என்று நான் எண்ணவில்லை. குடாவைக் கடக்கிற லோஞ்ச் படகில் ஏறி மூதூருக்குப் போய் மைமூனாவின் வீட்டு வாசலில் நிற்பீர்கள் என்று கனவிலும் எண்ணவில்லை. உங்கள் வயதுக்காரரிடம் இவ்வளவு ஊக்கம் இருக்குமென்று யார் கண்டது?

கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதினேன். இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால் பழக்கதோஷத்தில் வசனங்கள் தாமாகவே ஒழுங்காகி நின்றுவிடும்.

அறுபத்தாறாம் ஆண்டு என்னை இங்கே மாற்றினார்கள். லண்டனில் இரண்டு வருடம் பிள்ளைகளின் மனநோய் படித்துவிட்டு வந்தவன் நான். வந்த கிழமையே விளங்கிவிட்டது, இங்கே டொக்டர் என்றால் போத்தலைக் கொண்டுவந்து நீட்டுகிறவனுக்கு அதில் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறவன். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஊர் இன்னும் அவன் விட்டுப்போன தகரங்களையும் இரும்புகளையும் பிடுங்கி விற்றுக்கொண்டிருந்தது. மாலையில் கிளப்பில் போய் இருந்தால் சுங்கக் கந்தோர் ஆட்கள் மீன் விலையைப் பற்றிக் கதைப்பார்கள். என்னோடு லண்டனில் படித்தவர்கள் ஒவ்வொருவராக சஞ்சிகைகளில் கட்டுரை எழுதிப் பேராசிரியர்களாகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்குப் பொறாமைதான். இந்த ஊரிலிருந்து வெளியேற எனக்கு இருந்த வழி ஒரு நல்ல சஞ்சிகையில் ஒரு நல்ல கட்டுரை.

ஓட்டிசம் என்ற சொல்லை அன்றைக்கு இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர ஒருவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்பாத, முகத்தைப் பாராத, ஒரே காரியத்தை ஓயாமல் செய்துகொண்டிருக்கிற பிள்ளைகள். தாயின் மனம் குளிர்ந்து போனதால்தான் பிள்ளை தனக்குள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறது, தாயிடமிருந்து பிரித்தெடுத்தால் வெளியே வரும் என்பதுதான் அந்த நாளில் பெரியவர்களின் முடிவு. இன்று நீங்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். அன்றைக்குச் சிரித்திருந்தால் உங்களைப் பரீட்சையில் பெயிலாக்கியிருப்பார்கள். ஆனால் அவர்கள் எழுதிய தாய்மார் எல்லோரும் படித்த, வசதியான வெள்ளைக்காரிகள். எழுத்துத் தெரியாத ஓர் ஏழைத் தாயிடமும் அதே குளிர் இருக்கிறது என்று காட்டினால் எப்படி? அந்தக் கட்டுரையை உலகத்தில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த வருடம் புரட்டாதியில் மைமூனா லைலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாதவள். மூதூரில் பன்புல்லில் பாய் இழைத்து வயிறு கழுவுகிறவள். பிள்ளைக்கு ஆறு வயது.

"காது கேக்குதில்ல போல டாக்குத்தரையா. கூப்பிட்டாத் திரும்புறாளில்ல. ஆனா லோஞ்ச் ஊதினா மட்டும் ஓடுறாள்."

காதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை என் மேசையிலிருந்த மருந்துச் சிமிழின் மூடியை எடுத்து நிலத்தில் சுழற்றிவிட்டது. அது விழுந்ததும் திரும்பச் சுழற்றியது. நாற்பது தரம் எண்ணினேன். நான் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். பிள்ளை என் கையைத்தான் பார்த்தது, என்னைப் பார்க்கவில்லை. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கலியாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

உவர்மலைச் சரிவில் துறைமுகத்தைப் பார்த்தபடி நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்பக்கம் இரண்டு அறை இருந்தது. தாயையும் பிள்ளையையும் அங்கே வைத்தேன். பார்த்துக்கொள்ள வெருகல் பக்கத்துப் பெண் ஒருத்தி, சீதேவி என்று பெயர், சமைக்கவும் கூட்டவும் இருந்தாள். ஒரு கிழமை, நிறுத்துகடிகாரத்தோடு பின்விறாந்தையில் கதிரை போட்டு இருந்து தாயைக் கவனித்தேன்.

கவனித்ததை அப்படியே கொப்பியில் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைமூனா பிள்ளையைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. பாய் இழைக்க இருந்தால் பிள்ளைக்குப் பக்கத்தில், பிள்ளை பார்க்கிற திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நாற்பது நிமிடத்தில் பிள்ளையின் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. இடையிடையே கையை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தாள், நாலு நிமிடம், ஐந்து நிமிடம், வாயைத் திறக்காமல். எனக்கு வேறு என்ன வேண்டும்? உலகத்திலேயே குளிரான தாய் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள்.

கார்த்திகை முதலாம் திகதி அவளை ஊருக்கு அனுப்பினேன். தொண்ணூறு நாளைக்கு வரக்கூடாது என்று சொன்னேன். தலையாட்டினாள். இந்த ஊர்ச் சனம் டொக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும், அதோடு அவர்கள் கடமை முடிந்தது.

காலை எட்டிலிருந்து ஒன்றுவரை எனக்கு ஆசுபத்திரி. மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளையோடு இருந்தேன். படம் காட்டினேன், மணி அடித்தேன், கட்டைகளை அடுக்கினேன், லண்டனில் படித்ததையெல்லாம் செய்தேன். மூன்றாம் கிழமை பிள்ளை "சிவப்பு" என்றது. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வாசலில் விரித்திருந்த கால்மிதியைப் பார்த்துச் சொன்னது. ஆனாலும் சொன்னது. பிறகு "பச்சை". பிறகு "தா", "இன்னொண்டு". தொண்ணூறாம் நாள் முடிய என் கொப்பியில் பதினொரு சொல் இருந்தது. ஒவ்வொன்றும் என் காதால் கேட்டவை. அதில் பொய் இல்லை.

கட்டுரையை ஒரு மாதத்தில் எழுதினேன். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த தவராசா பின்னேரங்களில் வந்து தட்டச்சுச் செய்தான். சஞ்சிகைக்காரர் கேட்டபடி வரிக்கு வரி இடம் விட்டு, ஓரம் விட்டு, மூன்று பிரதி. அவனுடைய எழுத்துப்பிழைகளைத் திருத்தியே என் பேனை மை தீர்ந்தது. மாசி கடைசியில் விமானத் தபாலில் லண்டனுக்கு அனுப்பினேன். பிள்ளையை இன்னும் என்னிடமே வைத்திருந்தேன், தாய்க்குப் போட்ட தடையையும் எடுக்கவில்லை.

சித்திரையில் மறுமொழி வந்தது. சொன்னால் உங்களுக்கு விளங்கும், நீங்களும் இந்த வருடம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்தானே. இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் புகழ்ந்திருந்தார். மற்றவர், பெயர் சொல்லாத கோழை, ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தார். தொண்ணூறு நாளும் தாய் ஒரு தரமும் வரவில்லை என்பதை ஆசிரியர் உறுதிப்படுத்த முடியுமா? உறுதிப்படுத்தினால் பிரசுரிக்கலாம் என்று பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். உறுதிப்படுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல். அடுத்த நாள் ஆசுபத்திரியில் இருக்கும்போது அந்தக் கடிதத்துக்கு உடனே மறுமொழி எழுதவேண்டுமென்று தோன்றி, அதை எடுக்கப் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

பின்விறாந்தையில் மைமூனா இருந்தாள். பாய் இழைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வந்ததை ஒருவரும் காணவில்லை. பிள்ளை தூரத்து மூலையில் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மைமூனா திரும்பாமலே, தனக்குப் பக்கத்தில் நிலத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினாள். யார் கூப்பிட்டும் திரும்பாத அந்தப் பிள்ளை மூடியை விட்டுவிட்டு எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில், அவள் பார்த்த திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. மைமூனா கையை நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். என் கையிலே கடிகாரம் இருந்தது, பார்த்தேன். மூன்று நிமிடம் கழிந்து பிள்ளை சாயம் போட்ட பன் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவள் கையில் வைத்து, "பச்சை உம்மா" என்றது.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் தெரியாமல் செய்தேன் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேச வரக்கூடும். தொட்டால் கதறுகிற பிள்ளையை அவள் தொடவில்லை. முகம் பார்த்தால் மிரளுகிற பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் குளிர் என்று எழுதியது அவள் பொறுத்துக் காத்திருந்தது. பதினொரு சொல்லும் அவள் கையில் விழுந்தவை. மத்தியானத்துக்குப் பிறகு மிச்சத்தை நான் பொறுக்கியிருக்கிறேன்.

அவள் மூதூருக்குப் போன பிறகு சீதேவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஓம் ஐயா, நான்தான் விட்டனான். முதல் லோஞ்சிலை வந்து மத்தியான லோஞ்சிலை போயிடுவா. முதல் நாலு நாளும் பிள்ளை தண்ணியும் குடிக்கேல்லை. எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சுது."

"எத்தனை நாள்?"

"அஞ்சாம் நாள் துடங்கி ஒவ்வொரு நாளும்தான்."

அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. தான் செய்ததை ஏதோ சாதனை போலச் சொன்னாள். அன்றே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் உண்மையை எழுதவில்லை என்று. அதை எழுதியிருந்தால் அது இன்னும் பெரிய கட்டுரையாகியிருக்கும். உலகம் முழுக்க எழுதிக்கொண்டிருந்ததைத் தலைகீழாக்கியிருக்கும். நீங்கள் இன்று எழுதப்போகிறதைப் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் கண்டுபிடித்தவர் யார்? மூதூரில் பாய் இழைக்கிற ஒருத்தி. நான் பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுத்த கிளாக்கர். தவராசாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இவ்வளவு படித்து, கடல் கடந்து போய் வந்து, அவளுடைய கைப்பழக்கத்துக்கு நான் அடிக்குறிப்பு எழுதுவதா?

அதே நேரம் நான் கட்டுரையில் பொய் எழுதுகிற ஆளும் இல்லை. தாய் வரவில்லை என்று எழுதியிருந்தேன், வந்திருக்கிறாள். ஆகவே அந்த வசனத்தை உண்மையாக்குவதுதான் செய்யவேண்டிய காரியம்.

அடுத்த நாள் மைமூனா முதல் லோஞ்சில் வந்தபோது வாசலில் நான் நின்றேன். நான் ஏசவில்லை. பக்கத்துப் படியில் இருக்கச் சொல்லி, பொறுமையாக விளங்கப்படுத்தினேன். பிள்ளையின் வருத்தம் உன்னிடமிருந்துதான் வருகிறது, நீ பக்கத்தில் இருந்தால் பிள்ளை தேறாது, கடைசியில் பிள்ளையை இழந்துபோவாய் என்றேன்.

"இப்பக் கதைக்கிறாளே ஐயா? ரெண்டு மூணு சொல்லுச் சொல்றாளே?"

"அது பின்னேரத்தில் நான் பழக்கினது. நீ வந்து வந்து அதைக் கெடுக்கிறாய்."

"அப்ப நான் வராட்டி என்ட புள்ள நல்லாக் கதைக்குமா?"

"கதைக்கும்."

"அப்ப வரமாட்டன் ஐயா. அல்லா மேல ஆணை."

அவள் வரவில்லை. இந்த முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

வைகாசி முதலாம் திகதி புதுக் கொப்பி தொடங்கினேன். இந்த ஊரில் ஒருவரையும் நம்ப ஏலாது என்று விளங்கிவிட்டபடியால் நீண்ட விடுமுறை எடுத்து, வேலைக்கு ஆளும் வைக்காமல், பிள்ளையை நானே பார்த்தேன். சோறு நானே ஊட்டினேன், அல்லது ஊட்டப் பார்த்தேன். முதல் கிழமை பிள்ளை விறாந்தையில் மைமூனா இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, கையில் ஒரு பன்னை வைத்துக்கொண்டு, "பச்சை" என்று சொல்லும். சொல்லிவிட்டுக் காத்திருக்கும். ஒன்பதாம் நாளுக்குப் பிறகு அந்தச் சொல் வரவில்லை. "இன்னொண்டு" பதினான்காம் நாள் நின்றது. "உம்மா" என்ற சொல் கடைசியாகப் போனது, முப்பத்தெட்டாம் நாள். ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதியிருக்கிறேன். பிள்ளை மெலிந்தது. மூடியைச் சுழற்றுவதையும் விட்டுவிட்டது. லோஞ்ச் ஊதினால் மட்டும் எழும்பிப் பின்வாசலுக்கு ஓடும்.

அது எனக்குச் சுகமாக இருந்தது என்று எண்ணவேண்டாம். நடுவில் ஒரு நாள் மூதூருக்கு ஆளனுப்பித் தாயைக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தேன். ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் முப்பத்தெட்டு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எழுபத்தோராம் நாள், ஆடி பத்தாம் திகதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் ஒரு நேரம் மட்டும் எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு மணி பதினேழு நிமிடம்.

அன்று மத்தியான லோஞ்ச் ஊதியபோது பின்வாசல் திறந்திருந்தது. பிள்ளை படிகளால் இறங்கிப் போனது. சரிவின் அடியில் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன சிறு இறங்குதுறை ஒன்று இருக்கிறது, பலகை உக்கிப்போனது. நான் கொப்பியோடு பின்னால் போனேன். பிடித்து நிறுத்தவில்லை, எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்பினேன். பிள்ளை பலகை முடிவில் போய் நின்றது. லோஞ்ச் குடாவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பலகைக்கு அப்பால் தண்ணீருக்குள் இறங்குகிற கற்படிகள். பிள்ளை ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொரு படி. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது, அது உண்மை. இந்தத் துறைமுகத்தில் கரையிலேயே ஆழம், அதுவும் உண்மை. ஆனால் அந்த நேரம் நீந்த வேண்டிய தேவை இருக்கவில்லை. அறுபது அடி தூரத்தில் நின்றேன். ஓடியிருக்கலாம். அதுகூட வேண்டாம். என் காலடியில் பலகை இருந்தது. உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினால் பிள்ளை திரும்பி வந்து பக்கத்தில் இருக்கும். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், என் கண்ணால் கண்டவன் நான்.

குனிந்தேன். கையைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

தட்டினால் பிள்ளை வரும். வந்தால், மைமூனாவின் முறைதான் சரி என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்தது போலாகும். சுற்றிவரப் பார்த்தேன், ஓர் ஆளும் இல்லை. யாரும் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் அல்ல. நான் பார்த்துவிடுவேன். பாக்கியரத்தினம் என்கிற டொக்டர், லண்டனில் படித்தவன், உக்கல் பலகையில் குந்திக்கொண்டு பாய்க்காரியைப் போலத் தட்டுகிறதை நான் பார்த்துவிடுவேன். அதன் பிறகு எனக்கு என்ன மிச்சம்?

நிமிர்ந்து நேரத்தைப் பார்த்தேன். எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது படியில் பிள்ளை இல்லை.

பிள்ளையின் உடலை அன்றைக்கே வள்ளத்தில் மூதூருக்குக் கொண்டுபோனோம். தவறி விழுந்து மூழ்கியது என்று சொன்னேன். டொக்டர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. தொண்ணூறு நாள் கணக்கில் இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் தாய் என் வீட்டுக்கு வரவில்லை. வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

இனி உங்கள் முதலாவது கேள்வி. பிள்ளை கதைத்த தொண்ணூறு நாளில் தாய் எங்கே இருந்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது, இருந்தாலும் என் வாயால் கேட்கவேண்டும். பதினொரு சொல் முதல் தொண்ணூறு நாளில் வந்தது, அது உண்மை. தாய் வராதது இரண்டாவது தொண்ணூறு நாளில், அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே பந்தியில் எழுதினேன். எந்த வசனத்தைத் தனியே பிடித்துப் பார்த்தாலும் அதில் பிழை காணமாட்டீர்கள். கடைசி வரியில் "பின்னர் பிள்ளை தன் கிராமத்துக்குத் திரும்பியது" என்று எழுதினேன். திரும்பியதுதானே.

திருத்திய பிரதியைத் தட்டச்சுச் செய்ய தவராசா வந்தான். கடைசிப் பக்கம் முடிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"சேர், இதிலை பிள்ளை செத்தது வரேல்லையே?"

"கேட்ட கேள்வி தாய் வந்தாளா இல்லையா என்று. அதற்கு மறுமொழி எழுதியாச்சு."

"இல்லை சேர், படிக்கிற ஆக்கள் பிள்ளை இப்ப கதைச்சுக்கொண்டு திரியுது எண்டெல்லே நினைப்பினம்?"

"படிக்கிற ஆட்கள் உன்னைவிடக் கொஞ்சம் படித்தவர்கள்."

மூன்று பிரதியையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என்னிடம் வேலைக்கு வரவுமில்லை. ஒரு கிளாக்கருக்கு இவ்வளவு ரோசம்.

கட்டுரை அறுபத்தொன்பதில் வந்தது. பன்னிரண்டு பக்கம். பதிப்பாசிரியர் வாழ்த்தி எழுதினார். நானும் மூட்டை கட்டிக்கொண்டு லண்டன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. இரண்டொரு வருடத்தில் அதே பெரிய மனிதர்கள் தாய்மாரில் குற்றமில்லை, அது பிறவியிலேயே வருவது என்று மாற்றி எழுதத் தொடங்கினார்கள். வெட்கமில்லாதவர்கள். என் கட்டுரையைக் குறைகூறக்கூட ஒருவரும் எடுக்கவில்லை. அந்தச் சஞ்சிகையின் ஒரு பிரதி அலுமாரியில் கிடந்தது, நீங்கள் வரும்வரை.

உங்கள் மூன்றாவது கேள்வி மைமூனாவைப் பற்றியது. "புள்ளய நான்தான் கொண்டுட்டன்" என்று அவள் உங்களிடம் சொன்னாளாம். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று கேட்கிறீர்கள்.

பிள்ளையை அடக்கி நாற்பதாம் நாள் கழிந்தபின் அவள் என்னிடம் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, அதே படியில் இருந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நானாக ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்.

"நான் முந்திக் களவா வந்து போனதாலதானே ஐயா புள்ளைக்கு இப்படியானது? நீங்க வேணாமெண்டு சொல்லியும் வந்தனே. அந்த நஞ்சு உள்ளுக்குள்ள இருந்துதானே?"

"ஓம்" என்றேன்.

ஒரு சொல். வேறெதுவும் இல்லை.

அவள் அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, "என்ன மன்னிச்சிருங்க ஐயா. நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க" என்றாள். என் காலைத் தொடப் பார்த்தாள், நான் விடவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். வருடத்துக்கு ஒரு தரம், பெருநாள் முடிய, லோஞ்சில் வந்து அதே கேள்வியைக் கேட்பாள். நானும் அதே மறுமொழியைச் சொல்வேன். சலிக்காமல் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் என்னிடம் வந்து திரும்பிப் போகும்போது முகம் தெளிந்து போன நோயாளி அவள் ஒருத்திதான்.

லைலாவைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் அந்த நேரம் அங்கே நின்றது நான். காப்பாற்றவில்லை. தெரிந்தே காப்பாற்றவில்லை. கீழே கையெழுத்து வைக்கிறேன். இதைச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள், கட்டுரையை அவர்கள் வாபஸ் வாங்கட்டும். பொலிசுக்குக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள். உங்கள் ஆய்வில் என் பெயர் போட்டு எழுதுங்கள், முதலெழுத்தைப் பிழைவிடாமல் போட்டால் சரி. நான் ஒன்றுக்கும் தடை சொல்லமாட்டேன்.

மைமூனாவிடம் மட்டும் சொல்லவேண்டாம். நீங்கள் இளம் பெண், உண்மை என்றால் எல்லோருக்கும் நல்லது என்று எண்ணுவீர்கள். பதின்மூன்று வருடமாக அவளுக்குத் தன் பிள்ளை ஏன் செத்தது என்று தெரியும். அதற்கு மன்னிப்பும் கிடைத்திருக்கிறது. எத்தனை தாய்மாருக்கு அது கிடைக்கிறது? என் வாழ்நாளில் ஒரு நோயாளிக்கு நான் மனதாரச் செய்த நன்மை அது ஒன்றுதான், அதையும் கெடுத்துவிடாதீர்கள்.